எழுத்துப் போடாத வீடியோ

என் வாயசைவைப் பார்த்தே என்னைப் படித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு,

நீ போனபின் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நல்ல சேதி சொல்ல எழுதியிருக்கலாம். கடை பெரிதானபோது எழுதியிருக்கலாம், உன் மாப்பிள்ளை பீடியை விட்டபோது எழுதியிருக்கலாம். அப்போதெல்லாம் தோன்றவில்லை. தலையைத் தூக்க முடியாமல் இருக்கும்போதுதான் நீ வேண்டியிருக்கிறாய். இதைக் கடையின் பக்கத்திலேயே போடப்போகிறேன். உனக்குச் சொல்வதை நாலு பேர் கேட்டால் கேட்கட்டும்.

உனக்குத் தெரிந்த கடைதான். அய்யலூர் சந்தைக்குப் போகிற ரோட்டில் அதே இடம், அதே ஆட்டுத் தீவனம், புண்ணாக்கு, தவிடு. நீ இருந்தபோது சந்தை நாளில் மட்டும்தான் கூட்டம் வரும். இப்போது போனில் ஒரு சேனல் நடத்துகிறேன் அம்மா. குட்டிக்கு எப்போது தீவனம் பழக்குவது, மழைக்காலத்தில் எதைக் கொடுக்கக்கூடாது என்று நானே நின்று பேசுவேன். எரியோடு, வேடசந்தூர், நத்தம் வரைக்கும் பார்க்கிறார்கள். "வீடியோவுல பாத்துட்டுத்தான்க்கா வாரேன்" என்று சொல்லிக்கொண்டு புது ஆட்கள் வருகிறார்கள். மூட்டை ஏற்றுவதும் வண்டி ஓட்டுவதும் உன் மாப்பிள்ளை முருகேசன். பேச்செல்லாம் நான்.

பேச்சு எனக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். ரேஷன் கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் உனக்குக் காதாக இருந்தவள் நான். யார் என்ன சொன்னாலும் முகத்தாலும் கையாலும் உனக்குத் திருப்பிச் சொல்லிச் சொல்லிப் பழகியவள். அதனால் எனக்கு ஒரு திமிர் இருந்தது. காது கேளாதவர்களைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற திமிர்.

போன ஐப்பசியில் மழை பிடித்த சமயம், ஒரு சந்தை நாளில், எரியோட்டுப் பக்கமிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி கடைக்கு வந்தார்கள். பெண் பெயர் செல்வி, அவன் பெருமாள். இரண்டு பேருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. செல்வி படித்தவள், வேண்டியதைப் போனில் தட்டிக் காட்டினாள். நான் விடுவேனா? உன்னிடம் பழகிய ஜாடையெல்லாம் எடுத்துவிட்டேன். ஆடு என்பதற்கு நீ நெற்றியில் இரண்டு விரல் வைப்பாயே, அதை வைத்துக் காட்டினேன். அவர்களுடைய ஜாடை வேறு, பள்ளிக்கூடத்தில் முறையாகக் கற்றது என்று பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் செல்வி சிரித்து, எனக்காக அவளும் நெற்றியில் விரல் வைத்தாள்.

கடையில் நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கம்மாவுக்கும் காது கேக்காது. இவங்க பாசையெல்லாம் எனக்கு அத்துபடி" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அந்த இரண்டு பேருக்கு மட்டும் அது கேட்கவில்லை.

செல்வியின் போனை வாங்கி, நானே சேனலைத் தேடி எடுத்து, நான் எதைப் போட்டாலும் அவளுக்கு உடனே போய்ச் சேருகிற மாதிரி அழுத்திக் கொடுத்தேன். அவள் நம்பரையும் என் போனில் ஏற்றிக்கொண்டேன். என்ன பேரில் என்று கேள். 'எரியோடு ஊமை.' பக்கத்தில் நின்று தவிட்டு மூட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவளின் பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும், நான் ஏற்றியது அப்படித்தான். உன்னைச் செவிடி என்று கூப்பிட்டவன் சட்டையைக் கிழித்துவிட்டு வந்தவள்தானே நான்? அந்த நான் எங்கே போனேன்?

அவர்கள் வாங்கிப்போனது நாங்களே அரைத்துக் கலக்கிற தீவனம். அந்த மழையில் குடோன் கூரை ஒழுகி மக்காச்சோளம் நனைந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியவில்லை. மேலே காய்ந்த மாதிரி இருந்ததை அரைத்து மூட்டை போட்டுவிட்டோம். வெள்ளை நூல் தீர்ந்துபோயிருந்ததால் அந்தத் தடவை மட்டும் பச்சை நூலால் தைத்தோம். சில நாள் கழித்து வடமதுரைக்காரர் ஒருவர் வந்து, "ஏத்தா, தீவனம் ஒரு மாதிரி வாடையடிக்குது. ஆடு மோந்துட்டு மொகத்தத் திருப்பிக்கிருது" என்றார். மிச்சமிருந்த ஒரு மூட்டையைப் பிரித்து அடியில் கையை விட்டேன். கட்டி கட்டியாகப் பூஞ்சை.

உடனே போனைத் தூக்கினேன். யார் யார் வாங்கினார்கள் என்று நினைவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் பேசினேன். போடாதீங்க, திருப்பிக் கொண்டாங்க, வேற தாரேன் என்று தொண்டை கட்டும்வரை பேசினேன். இடையில் நான் ஏற்றிவைத்த அந்தப் பேர் வந்தது. பேச முடியாதே என்று தாண்டிப் போனேன்.

"அந்த எரியோட்டுப் புள்ளைக்கு?" என்று முருகேசன் கேட்டார்.

"அதான் வீடியோ போடப்போறேன்ல, பாத்துக்கிரும்" என்றேன்.

இரண்டு வரி தட்டி அனுப்ப எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவளே போனில் தட்டித்தானே என்னிடம் தீவனம் கேட்டாள்? அது எனக்குத் தோன்றவே இல்லை அம்மா. பார்த்துக்கொள்வாள் என்றேன். பார்க்கத்தான் செய்தாள்.

அந்த வீடியோவில் நான் என்ன செய்திருந்தேன் தெரியுமா? எப்போதும் போலக் கும்பிட்டேன், பழக்கத்தில் சிரித்தேன். பச்சை நூல் தைத்த மூட்டையைத் தூக்கிக் காட்டினேன். அடையாளம் தெரியட்டும் என்று நூலைத் தொட்டுக் காட்டினேன். ஒரு கை தீவனத்தை அள்ளி முன்னால் நீட்டினேன். இந்த மூட்டை இருந்தால் ஆட்டுக்குப் போடாதீங்க என்று வாய் நிறையச் சொன்னேன். கடைசியில் மறுபடி ஒரு கும்பிடு. மேலே எழுத்தில் போட்டது ஒரே வரி: 'ஆடு வளர்ப்போர் கவனத்திற்கு.'

அன்றைக்கே செல்வி அதற்குக் கீழே கும்பிடுகிற கை ஒன்றைப் போட்டிருந்தாள். அதைப் பார்த்து நான் நிம்மதியானேன். புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

அடுத்த சந்தை நாளில் அவர்கள் இரண்டு பேரும் வண்டியில் வந்து இறங்கினார்கள். முகமெல்லாம் வாடியிருந்தது. மூட்டையைத் திருப்பித் தர வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். வண்டியில் மூட்டை இல்லை. செல்வி போனை நீட்டினாள். நான் தீவனத்தை அள்ளி நீட்டுகிற இடத்தில் வீடியோவை நிறுத்தி வைத்திருந்தாள். பச்சை நூலைத் தொட்டுக் காட்டினாள். இரண்டு விரலைக் காட்டினாள். பிறகு தட்டிக் காட்டினாள்:

'ஆடுகள் சோர்வாக இருக்கின்றன. நீங்கள் காட்டிய இந்தத் தீவனம் இரண்டு மூட்டை வேண்டும்.'

அவள் எழுத்து புத்தகத்தில் இருக்கிற மாதிரி இருக்கும் அம்மா. நாம் பேசுகிற தமிழை அவள் கேட்டதே இல்லையே.

அவள் போனை வாங்கி, 'அது கெட்ட தீவனம், போடாதீங்கன்னு வீடியோவுல சொன்னேனே' என்று தட்டினேன். படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். பெருமாளுக்கு ஜாடையில் சொன்னாள். அவன் அப்படியே வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். செல்வி எனக்குத் திருப்பி எழுதினாள்:

'எங்கே சொன்னீர்கள்?'

எழுதிவிட்டு, வீடியோவை ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டு என் கையில் கொடுத்தாள். அவள் போனில் சத்தம் மூடியே இருக்கும். என்னை நானே சத்தமில்லாமல் பார்த்தேன். ஒரு பொம்பளை கும்பிடுகிறாள். சிரிக்கிறாள். ஒரு மூட்டையைத் தூக்கிக் காட்டுகிறாள். அள்ளி நீட்டுகிறாள், வாங்கிக்கோ என்கிற மாதிரி. மறுபடி கும்பிடுகிறாள். விளம்பரம் அம்மா. அச்சு அசல் விளம்பரம். ஆடு தெம்பு குறைந்து நிற்கும்போது கடைக்கார அக்கா ஒரு தீவனத்தைக் காட்டினால் அவள் வேறு என்ன நினைப்பாள்? இருந்ததில் ஒரு பிடி கூட்டித்தான் போட்டிருக்கிறாள்.

நீ பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாய்? நம்ம புள்ள ஏதோ நல்லது சொல்லுது என்று நீயும் தலையாட்டியிருப்பாயா?

கால்நடை டாக்டரைக் கையோடு அழைத்துக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போனோம். முருகேசன்தான் வண்டி ஓட்டினார். நாங்கள் போவதற்குள் சினையாடு இரண்டு செத்துக் கிடந்தன. மற்றவை எல்லாம் தலையைத் தொங்கப்போட்டுப் படுத்திருந்தன. "இன்னும் கொஞ்ச நாள் இதையே போட்டிருந்தா மொத்தமும் போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் ஊசியை எடுத்தார்.

பக்கத்து வீட்டுப் பெண் வேலி ஓரமாக வந்து நின்றாள். "ஏக்கா, நீதான வீடியோவுல அம்புட்டுச் சத்தமா சொன்ன? நான் அன்னைக்கே எங்க மூட்டையக் கொண்டுபோய்க் குழிவெட்டிப் பொதச்சுட்டேன்."

"இவங்ககிட்டச் சொல்லலையா?" என்று கேட்டுவிட்டேன்.

"அவங்கதான் போனும் கையுமா இருக்காங்களே. பாத்திருப்பாங்கன்னு நெனச்சேன்."

என் வாயில் வந்த அதே சொல் அவள் வாயிலும் வருகிறது. அவளைக் கோபிக்க எனக்கு ஏது யோக்கியதை?

செல்வி செத்த ஆட்டின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். சத்தமே இல்லாமல் அழுதாள் என்று எழுத வந்தது கை. பொய். சத்தமாகத்தான் அழுதாள். உனக்கு உன் அழுகை கேட்காததால் நீ அழும்போது தெருவே திரும்பிப் பார்க்குமே, அப்படி. நான் கிட்டப் போய் உட்கார்ந்து போனில் 'மன்னிச்சிரு' என்று தட்டி நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. கையை எடுக்கவும் மனசில்லாமல், நீட்டியபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். திரும்பும் வழியில் வண்டியில் வைத்து அந்தப் பேரை அழித்து, செல்வி என்று மாற்றினேன்.

பிறகு அய்யலூர் சந்தையில் சினையாடு இரண்டு பிடித்துக்கொண்டு போனோம். பெருமாள் கயிற்றை வாங்கிக்கொண்டான், என் முகத்தைப் பார்க்கவில்லை. செல்வி எழுதிக் காட்டினாள்:

'ஆட்டை வாங்கிக்கொள்கிறோம். அந்த வீடியோ இன்னும் அப்படியே இருக்கிறது.'

இருந்தது அம்மா. ஆடு, டாக்டர், மருந்து என்று ஓடியவள் அதைத் தொடவே இல்லை. வேறு எங்கேயாவது வேறு ஒரு செல்வி அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. ஆட்டுக்கு ஆடு கொடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்றுதான் போயிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வேலையை ஆரம்பித்தேன். பேசுவதைப் போனே எழுத்தாக மாற்றிப் போடுகிற வசதி ஒன்று இருக்கிறது. அந்தப் பழைய வீடியோவுக்கு அதை அழுத்தினேன். கீழே எழுத்து ஓடியது. அப்பாடா என்று படுக்கப் போனேன். காலையில் செல்வியிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. என் வீடியோவைத்தான் நிறுத்திப் படம் பிடித்திருந்தாள். கீழே இருந்த எழுத்து: 'ஆட்டுக்குப் போடுங்க.' படத்தோடு அவள் அனுப்பியது ஒரே ஒரு கேள்விக்குறி.

நம் ஊர்ப் பேச்சு அந்த வசதிக்குப் பிடிபடவில்லை. போடாதீங்க என்று நான் வேகமாகச் சொன்னதில் நடுவில் இருந்த 'தீ'யை விழுங்கி, போடுங்க என்று எழுதிவிட்டது. முன்பு ஒன்றும் தெரியாமல் இருந்தவர்களுக்கு இப்போது தப்பாகவே எழுதிக் கொடுத்திருக்கிறேன். படித்துப் பார்க்காமல் போட்டது யார்? நான்தானே? அந்த இடத்திலேயே உட்கார்ந்து வீடியோவைத் தூக்கிவிட்டு, பெரிய எழுத்தில் 'பச்சை நூல் மூட்டை கெட்டுவிட்டது, ஆட்டுக்குப் போடாதீர்கள்' என்று நானே தட்டிப் போட்டேன்.

அதிலிருந்து ஒவ்வொரு வீடியோவுக்கும் நானே எழுத்துப் போடுகிறேன். பேசியதைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு வரியாக. ஆரம்பத்தில் முருகேசன் சலித்துக்கொண்டார்.

"ஏ புள்ள, நாலு பேருக்காக இம்புட்டுப் பாடா?"

"நாலு பேருன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? கேக்கலைன்னு நம்மகிட்ட வந்து சொன்னாத்தான தெரியும்?"

அடுத்த நாள் அவரே வெளிச்சம் என் முகத்தில் விழுகிற மாதிரி கடை வாசலில் நாற்காலியைப் போட்டுக் கொடுத்தார். வாயசைவாவது தெரியட்டும் என்றார். உன்னோடு அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர் அல்லவா?

இதோடு முடிந்தது என்று நினைக்காதே. வெட்கம் ஒரு தடவையில் தீரவில்லை எனக்கு. எழுத்துப் போட ஆரம்பித்ததும் அதுவே போதும் என்று ஆகிவிட்டது. பேச்சை விட்டுவிட்டேன். ஆட்டுப் படம், மேலே எழுத்து, பின்னால் மேளம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒருநாள் நத்தத்திலிருந்து ஒருத்தர் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒடம்புக்கு ஏதும் சொகமில்லையா? கொஞ்ச நாளா ஒம் பேச்சையே காணோம். வெறும் கொட்டுச் சத்தந்தான் வருது."

"நல்லாத்தான் இருக்கேன்ணே. இப்ப எல்லாம் எழுத்துல போடுறேன். நீங்க பாக்கலையா?"

அவர் சிரித்தார். "எனக்குக் கண்ணு தெரியாதும்மா. ஒம் பேச்சக் கேட்டுத்தான் ஆடு வளக்குறேன்."

பார்த்தாயா? ஒரு பக்கம் குழியை மூட, இன்னொரு பக்கம் மண்ணைத் தோண்டியிருக்கிறேன். அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விலைப் பட்டியலைப் படமாகப் போட்டால் அவருடைய போன் அதைப் படித்துச் சொல்லாது, எழுத்தாகத் தட்டிப் போட்டால் அதுவே வாசித்துக் காட்டும் என்று விவரமாகச் சொன்னார். படம் போட்டால் அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று கீழே ஒரு வரி எழுதச் சொன்னார். "கெடான்னு மட்டும் எழுதாத. கறுப்பா செவலையா, கொம்பு எப்படி, அதையும் சொல்லு. நாங்களும் ஆசையாக் கேப்போம்ல" என்றார். இப்போது பேசவும் செய்கிறேன், எழுதவும் செய்கிறேன். மேளத்தை எடுத்துவிட்டேன்.

செல்வியும் பெருமாளும் அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. எரியோட்டிலேயே வேறு கடையில் வாங்குகிறார்கள் என்று கேள்வி. வாங்கட்டும். நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன். மிச்ச ஆடு பிழைத்துவிட்டது, நாங்கள் கொடுத்ததில் ஒன்று குட்டி போட்டிருக்கிறது என்று அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் சந்தையில் பார்த்தபோது சொன்னாள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் செத்த இரண்டின் வயிற்றிலும் குட்டி இருந்ததே.

போன வாரம் குடற்புழு மருந்தைப் பற்றி ஒரு வீடியோ போட்டேன். அதற்குக் கீழே செல்வி எழுதியிருந்தாள். இத்தனை மாதத்தில் முதல் தடவை. வணக்கம் இல்லை, அக்கா இல்லை.

'மருந்தின் அளவைச் சொல்லும் இடத்தில் எழுத்து வேகமாகப் போகிறது. படிக்க முடியவில்லை.'

ஓடிப் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. கடையில் ஆள் நின்றதால் அந்த இடத்தை அவசரமாக முடித்திருந்தேன். அந்த வரி நின்று போகிற மாதிரி மாற்றினேன். மாற்றிவிட்டேன் என்று பதில் எழுதினேன். அவள் வேறொன்றும் எழுதவில்லை.

மன்னித்துவிட்டாளா? தெரியவில்லை அம்மா. கேட்கிற தைரியமும் இல்லை. ஆனால் பார்க்கிறாள். நான் சொல்வது அவளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அவளே இன்னும் எதிர்பார்க்கிறாள். எனக்குக் கிடைக்கக் கூடியதில் இதற்கு மேல் என்ன இருக்கிறது?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி எதைப் போட்டாலும், போடுவதற்கு முன் ஒரு தடவை சத்தத்தை மூடிவிட்டுப் பார்ப்பேன். ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். இரண்டிலும் விளங்கினால்தான் போடுவேன். இந்தக் கடிதத்தையும் நானே வாசித்து, குரலாகவும் போடுகிறேன். நடுவில் எங்காவது அழுதுவிட்டால் அதை வெட்டாமல் விட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
தெய்வானை என்ற பேரை யார் சொல்லியும் கேட்டறியாமல், உன் வாய்க்கு வந்தபடி 'தேனா' என்று நீ கூப்பிட்டுக்கொண்டிருந்த உன் மகள்.